ஒரு புள்ளியில் கூடிய வயது

அந்தப் பையைக் கால் இடிக்காம கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? தப்பா நினைக்காதீங்க. உள்ளே ஒரு டப்பா இருக்குது. டப்பாக்குள்ளே ஈரப் பேப்பர் சுத்தின தாமரைக் கிழங்கு. அதோட முனை உடைஞ்சா அவ்வளவுதான், அப்புறம் முளைக்காது. உங்க பையிலயும் அடியில ஈரம் தெரியுது. மீனுங்களா? சரி, சொல்ல வேண்டாம். நான் சும்மா கேட்டேன்.

நீங்க ஆத்தூர்லயே ஏறிட்டீங்க போல. நான் ராசிபுரத்துல ஏறும்போதே ஜன்னல் சீட்டுல இருந்தீங்க. ஈரோடு வரைக்கும்தானே? வளையல்ல சொருகி வெச்சிருக்கீங்களே டிக்கெட்டு, அதுல பார்த்தேன். நான் அப்படித்தாங்க. எல்லாத்தையும் பார்ப்பேன், பேச மட்டும் மாட்டேன். எங்க ஆபீஸ்ல என் பக்கத்து டேபிள் அக்கா சொல்லும், “உன் வாயிலயிருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்கு மனு போடணும் போல”ன்னு. ஆடிட்டர் ஆபீஸுங்க. நான் எம்.காம். அங்கே நான் ஏதாவது மெதுவாச் சொன்னா யார் காதுலயும் விழாது. அதையே கொஞ்ச நேரம் கழிச்சு அந்த அக்கா சத்தமாச் சொல்லும். “அட, நல்ல யோசனை”ம்பாங்க.

இன்னைக்கு மட்டும் இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு பேசுதுன்னு நினைப்பீங்க. காரணம் இருக்குதுங்க. பஸ்ல ஏறினதும் ஒரு தடவை எல்லாரையும் பார்த்தேன். சீட்டு எவ்வளவோ காலியா இருந்துச்சு. ஆனாலும் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். தற்செயல் இல்லை. ஏன்னு கடைசியில சொல்றேன். பயப்படாதீங்க, காசு கேக்க மாட்டேன்.

ஃபேஸ்புக்ல ‘தொட்டித் தாமரை நண்பர்கள்’னு ஒரு குழு இருக்குதுங்க. மொட்டை மாடியில பிளாஸ்டிக் டப்பு வெச்சு, களிமண் போட்டு, தண்ணி ஊத்தித் தாமரை வளர்க்கறவங்க குழு. சிரிக்காதீங்க. நிறையப் பேர் இருக்கோம். நான் ஒரு கிழங்கு வாங்கி வெச்சேன். இலை வந்துச்சு. வந்த இலையெல்லாம் மஞ்சளாச்சு. யாரைக் கேக்கறது? குழுவுல கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் தெரியுங்களா? என் பேர் பவதாரணி. என் போட்டோதான் வெச்சிருந்தேன், காலேஜ் கடைசி நாள்ல எடுத்தது. “ஹாய், என் லோட்டஸ் இலை எல்லாம் மஞ்சளாகுது, யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்”னு போட்டேன். இலையைப் படம் எடுத்தும் போட்டேன்.

என்ன வந்துச்சுன்னு நினைக்கறீங்க? ஒருத்தர், “முதலில் குழு விதிகளைப் படித்துவிட்டு வரவும்”னார். இன்னொருத்தர், “தேடிப் பார்க்கிற பழக்கமே இந்தத் தலைமுறைக்கு இல்லை”ன்னார். ஒருத்தர், “தங்கச்சி, ரீல்ஸ் எடுக்கறதுக்குத் தாமரை வளர்க்கறீங்களா?” அதுக்குச் சிரிச்சுப் பதினைஞ்சு பேர். தனியா வந்து “ஹாய் டியர்”னு ரெண்டு பேர். என் இலையைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலை.

ஒரே ஒருத்தர் மட்டும் சொன்னாங்க. அதை அப்புறம் சொல்றேன். அதுதான் இந்தக் கதையிலயே எனக்கு முதல்ல சந்தேகம் வந்த இடம்.

அந்தக் கணக்கை மூடிட்டேன். புதுசா ஒண்ணு ஆரம்பிச்சேன். பொய்ப் பேர் வெச்சுக்கலைங்க, அதை நல்லாக் கேட்டுக்கங்க. எங்கப்பா பேர் பச்சமுத்து. அந்த ‘ப’வை முன்னாடி போட்டு, ஒரு புள்ளி வெச்சு, ‘ப. தாரணி’ன்னு எழுதினேன். வீட்டுல என்னைத் தாரணின்னுதான் கூப்பிடுவாங்க. என் போட்டோவுக்குப் பதிலா ஒரு தாமரைப் படம். அதே இலை, அதே படம். எழுத்தை மட்டும் மாத்தினேன். “அன்பு உள்ளங்களுக்கு இனிய காலை வணக்கம். எளியேனின் தொட்டியில் இலைகள் மஞ்சள் நிறம் அடைகின்றன. அனுபவம் மிக்கோர் வழிகாட்டினால் என்றும் நன்றியுடையவளாக இருப்பேன்.”

அரை மணி நேரம் ஆகலைங்க. “வணக்கம் அம்மா.” “அம்மா, கவலை வேண்டாம், உரம் அதிகமாகியிருக்கும்.” “உங்கள் தமிழைப் படிக்கவே ஆனந்தமாக உள்ளது அம்மா.” ரீல்ஸ்னு கேட்டாரே, அவரே வந்து, “தாயே, உங்கள் வீட்டு விலாசம் கொடுங்கள், நல்ல களிமண் அனுப்பி வைக்கிறேன்”னார். அந்த ஒரு புள்ளியில எனக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசு கூடிப் போச்சு.

நான் எங்கேயும் வயசு சொல்லலை. அதுல நான் ரொம்பக் கவனம். “எத்தனை வருட அனுபவம் அம்மா?”ன்னு கேட்டா, “காலம் ஓடிக்கொண்டே இருக்கிறது ஐயா”ன்னு எழுதுவேன். ஓடிக்கிட்டுத்தானே இருக்குது? “முழங்கால் வலி எப்படி இருக்கிறது?”ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. எனக்கு முழங்கால் வலின்னு யார் சொன்னதுன்னே தெரியலை. “உங்கள் அன்பில் நலமே”ன்னு போட்டேன். இதுல எது பொய்? நீங்களே சொல்லுங்க. அவங்களா நினைச்சுக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?

குழுவை நடத்தறவர் குமரவேல் சார், ஈரோட்டுல ஜவுளிக் கடை. அவர் என்னைக் கேட்காம ஒண்ணும் செய்ய மாட்டார்ங்கற அளவுக்கு வந்துடுச்சு. யாராவது சண்டை போட்டா, “தாரணி அம்மா வந்து சொல்லட்டும்”பாங்க. நான் போய் ரெண்டு வரி எழுதுவேன், அடங்கிடுவாங்க. என் வாழ்க்கையில நான் சொல்லி யாருங்க அடங்கியிருக்காங்க? எங்க வீட்டு டிவி சத்தத்தைக் கூட என்னால குறைக்க முடியாது.

பெரியவங்க பங்குன்னு ஒரு வழக்கம் எங்க குழுவுல. தை, மாசியில பழைய தொட்டியைக் கவுத்துக் கிழங்கு எடுப்பாங்க. நல்ல ரகத்துக்கு அடிதடி நடக்கும். அதனால அபூர்வமான ரகம் வந்தா, அறுபது தாண்டினவங்களுக்குத்தான் முதல் கிழங்கு, சும்மாவே. வாங்கினவங்க அடுத்த வருஷம் அதுலயிருந்து ஒரு கிழங்கைக் குழுவுக்குத் திருப்பித் தரணும். போன வருஷம் வந்தது ‘வெண்சங்கு’ன்னு ஒரு ரகம். அடுக்கடுக்கா வெள்ளை இதழ், நடுவுல லேசாப் பச்சை. எனக்கும் ஒண்ணு அனுப்பிட்டாங்க. நான் கேட்கலைங்க. அவங்களா அனுப்பினாங்க. திருப்பி அனுப்பினா வழியிலேயே அழுகிடும். ஒரு உயிரு பாருங்க.

இந்த டப்பாவுல இருக்கறது அதோட பிள்ளைதான். திருப்பித் தரத்தான் கொண்டு போறேன். நேர்மைன்னா எனக்கு நேர்மைதான்.

அந்த வெண்சங்கு இன்னொருத்தருக்கும் போச்சு. அவங்க பேர் ஹெலன் சரோஜா. அறுபத்திரெண்டு வயசுன்னு சொல்லிக்கிட்டாங்க. படம் பார்த்தீங்கன்னா, கறுப்புக் கண்ணாடி போட்ட பூனை. நீங்களே சொல்லுங்க, அறுபத்திரெண்டு வயசு அம்மா பூனைப் படம் வைப்பாங்களா? சரி, வைக்கட்டும். எழுத்தைப் பாருங்க. “மக்களே, இன்னைக்கு என் தொட்டி வேற லெவல்.” “செம பூ ப்ரோ, கலக்கிட்டீங்க.” “உரத்தைக் கொட்டாத செல்லம், அது குளம், குப்பைத்தொட்டி இல்ல.” ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. வரிக்கு வரி சிரிக்கற மூஞ்சி. இது அறுபத்திரெண்டா?

ஏன் இருமறீங்க? தண்ணி வேணுங்களா? என்கிட்டே இருக்குது.

முன்னாடி சொன்னேனில்லீங்களா, பவதாரணியா இருந்தப்போ ஒரே ஒருத்தர் பதில் சொன்னாங்கன்னு. அது இந்த ஹெலன்தான். “முதல் இலைங்க மஞ்சளாத்தான் ஆகும் செல்லம், அது அதோட வேலைய முடிச்சுட்டுப் போகுது, தண்ணி மாத்தாத, நல்ல வெயில்ல வெச்சுட்டு மறந்துடு.” அவ்வளவுதான். அப்படித்தான் செஞ்சேன். தண்ணிக்கு மேல நிமிர்ந்து நிக்கற இலை வந்துச்சு, அப்புறம் பூவும் வந்துச்சு. அது வேற விஷயம். ஆனா யோசிச்சுப் பாருங்க. அத்தனை பேர் கண்டுக்காத ஒரு சின்னப் பொண்ணுக்கு ஒருத்தர் மட்டும் ஏன் பதில் சொல்லணும்? உள்நோக்கம் இல்லாமயா? எனக்கு அன்னைக்கே உறுத்துச்சு. இது யாரோ என் வயசு ஆளு, பெரியவங்க பங்கை வாங்கறதுக்கு வயசைக் கூட்டிச் சொல்லிக்கிட்டு உள்ளே இருக்குதுன்னு.

இப்படி வயசை ஏமாத்தறவங்களைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஒரு பதிவு எழுதினேன். என் கைப்பட எழுதினதுலயே அதுதான் நல்ல எழுத்து. “அன்பு உள்ளங்களுக்கு, கனத்த மனத்துடன் எழுதுகிறேன்”னு ஆரம்பிச்சு, ஹெலன் எழுதினதை எல்லாம் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா எடுத்துப் போட்டு, “இந்த நடை அறுபது வயதைக் கண்ட ஒருவருடையதா? எழுத்து வயதை மறைக்காது”ன்னு முடிச்சேன். கேட்கணுமா? மூத்தவங்க ஏமாளிங்களான்னு பொங்கிட்டாங்க. களிமண் அனுப்பறேன்னாரே, அவர்தான் முதல் ஆளு.

ஹெலன் வந்து பதில் சொன்னாங்க. “மக்களே, நான் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன், முப்பது வருஷமா பொண்ணுங்களோடயே கிடக்கிறேன், போன்ல எழுதக் கத்துக் குடுத்ததும் அவங்கதான், எனக்கு வேற பாஷை வராது.” எவ்வளவு ரெடியா ஒரு கதை பாருங்க. “வேணும்னா வீடியோ கால் வர்றேன்”னாங்க. குமரவேல் சார் கொஞ்சம் யோசிச்சார். நான்தான், “இந்தக் காலத்தில் முகத்தையும் மாற்றிக் காட்டலாம் ஐயா”ன்னு எழுதினேன். ஏதோ ஆப் இருக்குதாமில்லீங்களா. குழுவுலயிருந்தே தூக்கிட்டாங்க. தூக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு வரி போட்டிருந்தாங்க. “சரி மக்களே, வெண்சங்கு பெருகினதும் பிள்ளைக்கிழங்கைத் திருப்பிக் குடுத்துடறேன், டாட்டா.” அதுலயும் ஒரு பூனை.

இல்லைங்க, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வராம எல்லாம் இல்லை. ஏன் அப்படிக் கேக்கறீங்க? குழுவுல கொஞ்சம் கலகலப்பு குறைஞ்சுது, அவ்வளவுதான். புதுசா வர்ற பிள்ளைங்க கேள்வி கேட்டா யாரும் பதில் சொல்றதில்லை. விதிகளைப் படிக்கச் சொல்றோம்.

இப்போதாங்க என் பிரச்சினை.

அந்தப் பதிவோட கடைசியில நான் ஒரு யோசனையும் எழுதியிருந்தேன். இனிமே பெரியவங்க பங்கு வாங்கினவங்க எல்லாரும் மாசி மாசக் கூட்டத்துக்கு நேர்ல வந்து முகம் காட்டணும், ஆதார் கார்டும் கொண்டு வரணும்னு. அந்த நேரத்து வேகத்துல எழுதிட்டேன். குமரவேல் சார் அதை அப்படியே விதியாக்கிட்டார். ‘தாரணி அம்மா விதி’ன்னே பேர் வெச்சுட்டார். அந்தக் கூட்டம் இன்னைக்குத்தான். ஈரோட்டுல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன மண்டபம். எனக்குப் பொன்னாடை வேற வாங்கி வெச்சிருக்காங்களாம். நேத்து குரல் பதிவு அனுப்பியிருந்தார். “அம்மா, நீங்க வந்து உக்காந்தாலே போதும், உங்ககிட்டே ஆதார் எல்லாம் கேட்போமா”ன்னு.

போகலைன்னா என்ன ஆகும்? ஹெலனுக்கு ஆனதுதான் எனக்கும். இப்பவே ஒருத்தர், “தாரணி அம்மா ஏன் போனை எடுப்பதே இல்லை?”ன்னு கேட்டிருக்கார். அந்தக் குழு போச்சுன்னா எனக்கு என்னங்க இருக்குது? ஆபீஸ், டிவி சத்தம். “நீங்க சொன்னா சரிங்கம்மா”ன்னு என்கிட்டே சொல்றதுக்கு இந்த உலகத்துல வேற யாரும் கிடையாது. நானா, இருபத்தஞ்சு வயசுல இந்தச் சுடிதாரோட போய் நின்னா? அந்த ரீல்ஸ் ஆளு முகத்துல எப்படி முழிக்கறது?

அதனாலதாங்க உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். நரைச்ச முடி, நூல் புடவை, கயித்துல தொங்கற மூக்குக் கண்ணாடி. பார்த்ததும் தோணுச்சு. தாரணி அம்மான்னா இப்படித்தான் இருப்பாங்கன்னு. நான் எழுதும்போதெல்லாம் மனசுல பார்த்த முகமே இதுதான்னு வெச்சுக்கங்களேன்.

ஒரு மணி நேரம். சும்மா வந்து உக்காந்தாப் போதும். பொன்னாடையை வாங்கிக்கங்க, இந்த டப்பாவைக் குமரவேல் சார் கையில குடுங்க, “அன்பு உள்ளங்களுக்கு வணக்கம்”னு ஒரு வார்த்தை. கூட வந்திருக்கற பொண்ணுன்னு நான் பக்கத்துலயே நிப்பேன். யாராவது சந்தேகம் கேட்டா உங்க காதுல நான் சொல்றேன், நீங்க சத்தமாச் சொல்லுங்க. எனக்கு அது பழக்கம்தான்.

இலையைப் பத்திக் கேட்டா என்ன சொல்றதா? முதல்ல வர்றது தண்ணியில மிதக்கற இலை, அது... ஆமாங்க, அது மஞ்சளாத்தான் ஆகும். தண்ணி மாத்தக் கூடாது, ஆமாம். உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓ, நான்தான் இப்போ சொன்னேனில்லை. ஆனா முனையை மேல பார்க்க வெச்சுத்தான் புதைக்கணும்னு நான் சொல்லவே இல்லையே.

இருங்க. நான் சொல்லலை.

பாலம் வந்துடுச்சு, காவிரி. பத்து நிமிஷத்துல ஈரோடு. சீக்கிரம் சொல்லுங்க, வர்றீங்களா இல்லையா? ஏன் போனை எடுக்கறீங்க? யாருக்கு அனுப்பறீங்க? எவ்வளவு வேகமா அடிக்கறீங்க, ரெண்டு கட்டை விரல்லயும். எங்க ஆபீஸ்ல கூட யாரும் இப்படி... என்ன காட்டறீங்க?

கண்ணாடி போட்ட பூனை.

இந்தப் படம் உங்ககிட்டே எப்படி வந்துச்சு? இது பொதுவுல கிடைக்கற படமாத்தான் இருக்கும். ஆத்தூர்ல எந்த ஹாஸ்டல்? இல்லை, சும்மா கேக்கறேன். என்ன சொன்னீங்க? “செம ஸ்டோரி மா”ன்னா சொன்னீங்க?

பையைத் திறக்க வேண்டாம். தெரியுது. ஈரப் பேப்பர். வெண்சங்குதானே. குழுவுலயே இல்லை நீங்க, அப்புறமும் திருப்பித் தர்றதுக்காக ஆத்தூர்லயிருந்து வர்றீங்களா? குடுத்துடறேன்னு சொன்னீங்க, சரி. சொன்னா செய்யணுமா?

ஏதாவது திட்டுங்களேன். ஏன் சிரிக்கறீங்க?

அந்தப் பவதாரணியா? ஆமாங்க, நான்தான் அது. காலேஜ் போட்டோ, ஆமாம். நீலத் துப்பட்டா. உங்களுக்கு ஞாபகம் இருக்குதா? “அந்தப் பிள்ளை இலைக்கு என்னாச்சோன்னு ரொம்ப நாள் தேடினேன்”னு... பூத்துச்சுங்க. நல்லாப் பூத்துச்சு. சொல்லணும்னு தோணலை. கணக்கை மூடிட்டேனில்லீங்களா.

முடியாதுங்க. நீங்க ஹெலனா உள்ளே போங்க, அது உங்க இஷ்டம். நான் பவதாரணியா எப்படி வர்றது? எல்லாரும் என்ன நினைப்பாங்க? நீங்க பக்கத்துல இருந்தா மட்டும்? உங்க பேச்சையே அங்கே யாரும் நம்பலை, நீங்க போய் எனக்காகச் சொல்லுவீங்களா? “நான் சத்தமாச் சொல்ல மாட்டேன், நீயே சொல்லணும்”னா எப்படிங்க? என் குரல் எழும்பாதுங்க.

பஸ் ஸ்டாண்டு வந்தாச்சு. டப்பாவைக் குடுங்க, நான் எடுத்துக்கறேன். நீங்க எடுத்துட்டீங்களா. ரெண்டையுமா? பார்த்து, முனை... சரி, மேல பார்க்கத்தான் வெச்சிருக்கீங்க. இருங்க, கூட்டமா இருக்குது, தனியாப் போகாதீங்க. வர்றேன். வர்றேன்னு சொன்னேனில்லை. நீங்க முன்னாடி இறங்குங்க, படி உயரம்.

ஒண்ணே ஒண்ணு கேட்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது. மண்டபத்துக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க ஆதார் கார்டைக் கொஞ்சம் காட்டறீங்களா? இல்லைங்க, பூனைப் படத்தை யார் வேணும்னாலும் வெச்சுக்கலாமில்லீங்களா.